சீமெந்துத் தரையில் மன்மதன்

தொண்ணூறுகளில் இந்தத் தீவில் இருந்த பயத்தையெல்லாம் ஒரு கூடையில் கொட்டிப் பங்கு பிரித்திருந்தால், சரிபாதி ரோலர்காரருக்குப் போயிருக்கும். மீதிப் பாதியைத்தான் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து பயந்து தீர்த்தோம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பதுளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற ரோலர் மெஷினோடு ஆயுளைக் கழித்தவர் என்பதால் லயம் என்கிற வரிசை வீடுகளின் பிள்ளை முதல் தோட்டத் துரை வரை ரோலர்காரர் என்றே கூப்பிட்டார்கள். அந்த மெஷின் அவர் வேலையை விட்டு நிற்கும்போது இரண்டு காதையும் பிடித்து வைத்துக்கொண்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. இரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் வாயைத் திறந்தால் எதிர் மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பயந்த மனிதருக்கு இரகசியங்கள் அதிகம் என்பதால் நாள் முழுக்க அவர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எதற்கெல்லாம் பயப்படுவார் என்று கேட்காதீர்கள். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாய்க்குப் பயம். பலாமரத்தின் கீழ் நிற்கப் பயம். பஸ் பாலத்தில் ஏறினால் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிக்கொள்வார். ஏன் என்று கேட்டால், “பாலத்துக்கு நம்ம பாரமும் எதுக்கு டீச்சரம்மா?” என்பார்.

நான் டீச்சர் இல்லை. தோட்டத்து வயோதிபர்களையும் அங்கவீனர்களையும் சனிக்கிழமைகளில் பதுளைக்குக் கூட்டிவந்து, பாட்டும் கூத்தும் பழக்குகிற ஒரு சின்னச் சங்கத்தில் எடுபிடி வேலை செய்த பெண். தேநீர் ஊற்றுவேன், வேஷம் கட்டுவேன், பஸ் ஏற்றி விடுவேன். எங்களுக்கெல்லாம் தலைவர், ‘சேர்’ என்று நாங்கள் கூப்பிடுகிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே ஓய்வு பெற்ற சங்கீத ஆசிரியர். பூனை குறுக்கே போனால் கூட “எக்ஸ்கியூஸ் மீ” சொல்கிற சாது.

என்ன கூத்துப் போடலாம் என்று சேர் கேட்டதும், எல்லோரும் ஒரே வாயாகக் காமன் கூத்து என்றார்கள். தோட்டங்களில் மாசி மாதம் ஆடுகிற கூத்து அது. மன்மதன் சிவனுடைய தவத்தைக் கலைப்பான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து எரிப்பார். ரதி அழுது மன்றாட, கடைசியில் உயிர் எழுப்புகிற பாட்டுப் பாடி மன்மதனை எழுப்புவார்கள். இதில் விளையாட்டுக் கிடையாது. மன்மதன் வேஷக்காரன் விரதம் இருக்க வேண்டும். விழுந்தவன் அந்தப் பாட்டு வந்த பிறகுதான் எழும்ப வேண்டும். பாட்டு வராமல் எழும்பினால் எழும்புவது அவனல்ல, வேறு ஏதோ என்று தோட்டத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட வேஷத்தை, பலாமரத்துக்குப் பயப்படுகிற ரோலர்காரர் கேட்டார். நாங்கள் சிரித்துவிட்டோம்.

“சிரிக்காதீங்க. வயசுல எனக்கு யாரும் குடுக்கல. பயந்தாங்கொள்ளின்னுட்டாங்க, அப்புறம் செவிடன்னுட்டாங்க. சாவுறதுக்குள்ள ஒருக்கா மன்மதனா நிக்கணும்” என்றார். இதை அவர் சேரின் காதோடு இரகசியமாகச் சொன்னார். வீதியில் போன லொத்தர் சீட்டு விற்பவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ரதி வேஷம் பாக்கியம் அக்காவுக்கு. பிறவியிலேயே கண் தெரியாதவர். பாட்டும் அவரே, தப்புப் பறை அடிப்பதும் அவரே. பெண்பிள்ளை தப்பைத் தொடலாமா என்று முதலில் முணுமுணுத்தார்கள். அவர் ஒருமுறை அடித்துக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டார்கள். “எழும்பின மன்மதன் ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவானாம், சிவன் குடுத்த வரம். எனக்குக் கண்ணே இல்ல. பாவம், இந்த மனுசன் எழும்பியும் யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டாரு” என்று அக்கா கேலி செய்வார். சிவன் வேஷம் போட ஒருவரும் முன்வரவில்லை. ரோலர்காரரை எரித்த பாவத்தைச் சுமக்க யாருக்கும் தைரியமில்லை. கடைசியில் சேரே ஒப்புக்கொண்டார்.

ஒத்திகை எங்கள் பழைய மண்டபத்தில் நடந்தது. பலகைத் தரை. ரோலர்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். அக்கா தப்பில் ஒரு அடி போட்டால், பலகை வழியாக அது அவர் காலுக்குப் போகும். செத்து விழுந்து கிடக்கும்போது முதுகுக்குப் போகும். உயிர் எழுப்புகிற பாட்டின் அடி வந்ததும், முதலில் வலது கை விரல்கள் அசையும். பிறகு மெல்ல எழுந்து ரதி நீட்டுகிற கையைப் பிடிப்பார். ஒருநாளும் தாளம் பிசகியதில்லை. அப்படியும் ஒவ்வொரு ஒத்திகை முடிவிலும், “உசுரு இருக்கா பாருங்க டீச்சரம்மா” என்று மணிக்கட்டை என்னிடம் நீட்டுவார். பார்த்துச் சொல்லுவேன். அதற்குப் பிறகுதான் தேநீர் குடிப்பார்.

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கூத்துப் போடக் கூப்பிட்டார்கள். வேனில் புறப்பட்டோம். மொனராகலையிலிருந்து வந்த ஒரு முழுக் கரும்பு மன்மதனின் வில்லாகப் பின் சீட்டில் படுத்திருந்தது. சிவன் உடுத்த வேண்டிய புலித்தோல் என் பையில் இருந்தது. தோல் என்றால் தோல் அல்ல, மஞ்சள் துணியில் நானே மை தீட்டியது. சோதனைச் சாவடி கண்ணில் படும்வரை அது எவ்வளவு பெரிய சாமான் என்று எனக்கு உறைக்கவில்லை.

வேனை நிறுத்தினார்கள். துவக்கோடு ஒரு இளம் சிப்பாய் எட்டிப் பார்த்தான். சேரின் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் படித்துவிட்டு இறங்கச் சொன்னான். சேர் “எக்ஸ்கியூஸ் மீ” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். அப்போது ரோலர்காரர் என் காதுப்பக்கம் குனிந்து இரகசியம் சொன்னார்.

“டீச்சரம்மா, சேரோட புலித்தோலு நம்ம பைக்குள்ள இருக்கு. சொல்லிப்புடாதீங்க!”

மலை முழுக்கக் கேட்டது. தமிழ் தெரியாதவனுக்கும் அந்த நாட்களில் புலி என்ற சொல் தெரியும். இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். பையைக் கொட்டினார்கள். சேரை இனிப் பார்க்கவே முடியாது என்று நினைத்தேன். அந்த நாட்களில் அப்படிப் போனவர்கள் உண்டு.

சிப்பாய் துணியை விரித்துப் பார்த்தான். நான் தீட்டிய வரிகள் வியர்வையில் கரைந்து, புலி பாதி பூசணிக்காய் போல இருந்தது. “இது என்ன?” என்றான். பாக்கியம் அக்கா, “கூத்துங்க, சாமி கூத்து” என்று சொல்லி இரண்டு அடி பாடியும் காட்டினார். அவன் கரும்பை எடுத்தான். உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறதா என்று நடுவில் வெட்டிப் பார்த்தான். சாறு வடிந்தது. மூன்று பேரும் ஆளுக்கொரு துண்டு கடித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். வில்லில் பாதி போய்விட்டது, சேர் முழுசாகத் திரும்பி வந்தார். தன்னால்தான் ஆபத்து வந்தது என்பது ரோலர்காரருக்குத் தெரியாது. “நல்லவேளை, நாம சொல்லல” என்று மறுபடி இரகசியம் சொன்னார்.

தோட்டத்தில் பெரிய வரவேற்பு. எங்களுக்கென்றே புது மேடை கட்டியிருந்தார்கள். வழவழவென்று சீமெந்துத் தரை. எல்லோரும் தடவிப் பார்த்து மகிழ்ந்தோம்.

கூத்து நன்றாகவே போனது. அரை வில்லோடு ரோலர்காரர் வந்து நின்றபோது கூட்டம் கைதட்டியது. அவ்வளவு அழகாக அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. சேர் கற்பூரத் தட்டோடு கையை நீட்ட, மன்மதன் விழுந்தார். ரதி அழுதாள். முன்வரிசைப் பெண்களும் அழுதார்கள். அக்கா தப்பை எடுத்து உயிர் எழுப்புகிற பாட்டைப் பாடினார். பாடி முடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

அந்தக் கையை யாரும் பிடிக்கவில்லை.

“வந்துட்டீங்களா?” என்று அக்கா மெதுவாகக் கேட்டார். ரோலர்காரர் கண்மூடிக் கிடந்தார். ஒரு விரலும் அசையவில்லை. கிழவர்கள் எழுந்து நின்று தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள். சிவபெருமான் என்னைப் பார்த்த பார்வையில் தெய்வீகம் துளியும் இல்லை.

“பிள்ளை, அவர் எழும்பேல்லை! நான் ஒண்டும் செய்யேல்லை, கையை நீட்டினது மட்டும்தான்! ஓடிப்போய்ப் பாரும்!”

ஓடினேன். மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த அவசரத்தில் துடிப்பது யாருடைய நாடி என்றே தெரியவில்லை. தோளை உலுக்கினேன். உதட்டின் ஓரத்தால் மன்மதன் இரகசியம் சொன்னார்.

“தொடாதீங்க டீச்சரம்மா! பாட்டு இன்னும் வரல! இப்ப எந்திரிச்சா செத்துருவேன்!”

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. சேர் அவரைத் தூக்கப் போனார். “தூக்காதீங்க! தூக்காதீங்க!” என்று தோட்டமே கத்தியது. பாட்டு முடிந்துவிட்டது என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். காது கேட்காது. உதட்டைப் பார்க்கச் சொன்னால், செத்தவன் கண் திறக்கலாமா? அவர் நெற்றியில் குளிர் வியர்வை முத்துமுத்தாக நின்றது. உதடு வெளுத்தது. மூச்சு மேல்மேலாக வாங்கியது. பிரஷருக்கு மருந்து குடிக்கிற உடம்பு. பாட்டு வரவில்லை, தன்னை எழுப்ப மறந்துவிட்டார்கள் என்ற பயமே அவரை நிஜமாகக் கொன்றுவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் அழத் தொடங்கிவிட்டேன்.

பாக்கியம் அக்கா வெறும் காலால் தரையைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பலகை இல்லியே! அதான் எனக்கும் அவரு எந்திரிக்கிற அதிர்வு வரல. என்னைய அவருகிட்ட கூட்டிட்டுப் போ புள்ள!”

கொண்டுபோய் உட்கார வைத்தேன். அக்கா தடவித் தடவி மார்பைக் கண்டுபிடித்துத் தப்பை அதன்மேல் வைத்தார். உயிர் எழுப்புகிற பாட்டை முதலடியிலிருந்து திரும்பவும் பாடினார். ஒவ்வொரு அடியும் அந்த ஒல்லி மார்பில் விழுந்தது. வலது கை விரல்கள் அசைந்தன. மன்மதன் எழுந்து ரதியின் கையைப் பிடித்தார். கூட்டம் போட்ட சத்தத்தில் சிவன் தட்டைக் கீழே போட்டார்.

வேனில் திரும்பும்போது ரோலர்காரர் பாக்கியம் அக்காவின் முழங்கையைத் தொட்டு இரகசியம் சொன்னார். இரகசியம் என்பதால் டிரைவர் உட்பட எல்லோரும் கேட்டோம்.

“நாளைக்கு நான் நெசமா செத்தாலும், பொதைக்கிறதுக்கு முன்ன ஒருக்கா இப்புடித் தட்டிப் பாத்துருங்க. கேக்காமத்தான் கெடக்கேனோ என்னவோ!”

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் செய்தி வந்தது. சோதனைச் சாவடிகளை எடுத்திருந்தார்கள். நான் பாக்கியம் அக்காவைக் கைபிடித்து லயத்துக்குக் கூட்டிப் போனேன். பெட்டியில் கிடந்த ரோலர்காரரின் முகத்தில், நான் அறிந்த நாளிலிருந்து முதன்முறையாக, பயமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அக்கா தப்பை மார்பின்மேல் வைத்துப் பாட்டை ஒரு அடி விடாமல் பாடினார். பாடி முடித்துவிட்டுக் கையை நீட்டினார். வெளியே பெட்டி தூக்குகிறவர்கள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். நான் அந்த வலது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போகலாமா அக்கா?” என்றேன்.

“பயந்த மனுசன் புள்ள, மெதுவாத்தான் எந்திரிப்பாரு. கொஞ்சம் இருப்போம்” என்றார்.

இருந்தோம்.