அனுமதியின்றி மன்னித்தவர்

தில்லியில் காலத்தை வென்று நிற்பவை இரண்டே இரண்டு. ஒன்று, குதுப்மினார் பக்கத்தில் இருக்கும் துருப்பிடிக்காத இரும்புத் தூண். மற்றது, எங்கள் சங்கத்தின் மனவருத்தம். தூண் சும்மா நின்றாலே போதும். மனவருத்தம் அப்படியல்ல. அதற்கு ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், மூன்று இணைச் செயலர்கள், மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு இரண்டு முறை தேநீர் எல்லாம் வேண்டும். பதினோரு ஆண்டுகளாக அதைத் துரு அண்டாமல் காத்துவரும் மயூர் விஹார் 'யமுனை லெவன்' கால்பந்து ரசிகர் சங்கத்தின் பொதுச் செயலர் வாசுதேவன் என்பவன் அடியேன்தான். மத்திய அமைச்சகம் ஒன்றில் சார்புச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு விஷயத்தை முடிக்காமல் வைத்திருப்பது எப்படி என்று அரசு எனக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் பயிற்சி அளித்திருக்கிறது.

வருத்தத்தின் வரலாறு சுருக்கமானது. 2014 ஜனவரியில், முனிர்காவை அடுத்த ஒரு மைதானத்தில், தில்லித் தமிழர் கோப்பைக்கான அரையிறுதி ஆட்டம். எங்கள் யமுனை லெவனுக்கும் ஜனக்புரியைச் சேர்ந்த 'மேற்கு வாலிபர்' கழகத்துக்கும் மோதல். ஆளுக்கொரு கோல். எண்பத்தோராவது நிமிடத்தில் எங்கள் பத்ரி தனியாகப் பந்தோடு பறந்துகொண்டிருந்தார். அவர்களுடைய தடுப்பாட்டக்காரர் சுரேஷ்குமார் சறுக்கிக்கொண்டு வந்து காலை நீட்டினார். பந்து வெளியே போயிற்று. பத்ரியின் வலது கால் எலும்பு முறிந்தது. நடுவர் விசில் ஊதினாரா இல்லையா என்பது பற்றி இரு வேறு கருத்துகள் உண்டு. எப்படியும் எங்களுக்குக் கேட்டிருக்காது. அதற்குள் நாங்கள் இருநூறு பேரும் மைதானத்துக்குள் இருந்தோம். எதிர்ப்பக்கத்து இருநூறு பேரும் எங்களை வரவேற்க வந்திருந்தார்கள்.

அந்த வீர வரலாற்றை விரித்துரைக்க அடக்கம் இடந்தரவில்லை. மடக்கு நாற்காலிகள் பறந்தன. வங்கி அதிகாரியான எங்கள் துணைத் தலைவர் காமாக்ஷி அம்மையார், புளியோதரை டப்பாவையே ஏவுகணையாக்கினார். அதில் பாதி எதிரிகள் மீதும் மீதிப் பாதி எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற சுபேதார் இராஜமாணிக்கம் மீதும் விழுந்தது. ஆட்டம் கைவிடப்பட்டது. யார் வென்றார்கள் என்பது இன்றுவரை தெரியாததால் இரு தரப்பும் வென்றவர்களாகவே வாழ்ந்துவருகிறோம்.

அதற்குப் பிறகு இரண்டு கழகங்களும் கலைந்துவிட்டன. ஆட்டக்காரர்களுக்கு மாற்றல் வந்தது, கல்யாணம் வந்தது, தொப்பை வந்தது. ஆனால் ரசிகர் சங்கங்கள் மட்டும் கலையவில்லை, வளர்ந்தன. ஆட்டத்தையே பார்த்திராத இருபத்தேழு பேர் எங்களிடம் புதிதாகச் சேர்ந்து, பார்த்தவர்களைவிட அதிகமாக மனம் புண்பட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் 'கால் முறிந்த நாள்' அனுசரிக்கிறோம். சங்க அறையில் பத்ரியின் எக்ஸ்ரே படம் சட்டம் போட்டு, மாலை சூட்டி மாட்டப்பட்டிருக்கிறது. மெட்ரோ ரயிலில் கொள்கைப் பிடிப்போடு நடந்துகொள்கிறோம். ஜனக்புரியும் மயூர் விஹாரும் ஒரே நீல வழித்தடத்தில் இருப்பது எங்களைக் கேட்டுச் செய்த ஏற்பாடல்ல. ஜனக்புரியில் ஏறியவர் பக்கத்தில் உட்காருவதில்லை என்பது எங்கள் தீர்மானம். யார் எங்கே ஏறினார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆகவே, உட்காருவதே இல்லை.

பத்ரியை மட்டும் நாங்கள் நேரில் பார்க்கப் போனதில்லை. அவர் எங்களுக்கு நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறார். போய்ப் பார்த்தால் அவர் குணமாகியிருப்பது தெரிந்துவிடும். அது உறுப்பினர்களின் உணர்வைப் பாதிக்கும்.

இத்தகைய பொற்காலத்தில்தான் சென்ற மாதம் அந்த இடி விழுந்தது. காமாக்ஷி அம்மையார் தவிர்க்க முடியாத ஒரு சீமந்தத்துக்காக ஜனக்புரிவரை போக நேர்ந்தது. திரும்பும்போது ஒரு கடைவாசலில் பத்ரியும் சுரேஷ்குமாரும் ஒரே தட்டில் சோலே படூரே சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார். படமும் எடுத்தார். படத்தில் பத்ரி சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு செய்திகள் பதிவாயின. "கடைசித் துண்டை யாருக்குக் கொடுக்கிறார் பாருங்கள்" என்று ஒருவர் படத்தைப் பெரிதாக்கிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

அவசரக் கூட்டம் கூட்டி, விளக்கம் கேட்டுப் பத்ரிக்குக் கடிதம் அனுப்பினோம். பத்ரி வந்தார். லேசாக விந்தி நடந்தார். அதைக் கண்டு அறை முழுவதும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் சுரேஷ்குமாரும் உள்ளே வந்தார்.

"இவர் எப்படி வரலாம்?" என்றார் காமாக்ஷி.

"எங்காத்து மாப்பிள்ளை மாமி. அழைச்சுண்டு வராம இருக்க முடியுமா?" என்றார் பத்ரி. "மாதங்கியைத்தான் இவனுக்குக் குடுத்திருக்கு. ஏழு வருஷமாச்சு."

மாதங்கி பத்ரியின் தங்கை.

"எங்களுக்குத் தகவலே இல்லையே?" என்றேன்.

"உங்க எல்லாருக்கும் பத்திரிகை அனுப்பினேனே சார். ஜனக்புரி மண்டபம்னு போட்டிருந்தது. 'ஏற்கப்படவில்லை'ன்னு சீல் வெச்சுத் திருப்பி அனுப்பிட்டேள்."

உண்மைதான். அந்த முத்திரையை நான்தான் செய்வித்தேன்.

தலைவர் இராஜமாணிக்கம் மேஜையைத் தட்டினார். "ஏம்ப்பா, உன் காலை ஒடச்சவன் இவன். நாங்க இங்க பதினோரு வருஷமா உனக்காகத் துடிச்சிக்கிட்டு இருக்கோம். நீ பாட்டுக்குச் சம்பந்தம் பண்ணிக்கிட்டா என்னப்பா அர்த்தம்?"

"அன்னிக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போனது இவன்தான் சார். அம்மாவுக்கு ஃபோன் பண்ணினது இவன். நாலு மாசம் தினம் ஜனக்புரியிலேருந்து மெட்ரோ பிடிச்சு வந்து என்னை நடக்க வெச்சான். மாதங்கி கதவைத் திறந்து திறந்து…" பத்ரி சிரித்தார். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "இது என்ன?"

"உங்க கால்" என்றேன், பெருமிதத்தோடு.

"எனக்கு உடைஞ்சது வலது கால். இது இடது."

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "அது என்னுது. பாத்ரூம்ல விழுந்தப்ப எடுத்தது. சங்கத்துக்கு ஒரு எக்ஸ்ரே தேவைப்பட்டிச்சு."

பதினோரு கால் முறிந்த நாள்களில் பத்து நாள்களாவது நாங்கள் சுபேதாரின் குளியலறைக்கு அஞ்சலி செலுத்தியிருக்கிறோம். அதனால் வருத்தத்தின் தூய்மை குறைந்துவிடாது என்று அங்கேயே ஒரு விளக்கத் தீர்மானம் நிறைவேறியது.

அப்போதுதான் சுரேஷ்குமார் எழுந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"சார், எல்லாரும் என்னை மன்னிச்சிருங்க. வேணும்னு பண்ணலைங்க. பந்தைத்தான் பாத்தேன், காலைப் பாக்கல. அன்னைக்கே கேட்டிருப்பேன். நீங்க எல்லாரும் அடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

சொல்லிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

மோதலில்கூட நாங்கள் இப்படி நிலைகுலைந்ததில்லை. அடித்தால் திருப்பி அடிக்கலாம். மன்னிப்புக் கேட்பவனை என்ன செய்வது? காமாக்ஷி என் காதருகே குனிந்தார்.

"வாசு சார், இதை ஏத்துண்டுட்டா அடுத்த மாசக் கூட்டத்துக்கு அஜெண்டா என்ன?"

என் முப்பத்திரண்டு ஆண்டு அனுபவம் கைகொடுத்தது. எழுந்தேன். மன்னிப்பு வாய்மொழியாக உள்ளது. உரிய படிவத்தில் இல்லை. விண்ணப்பதாரர் தம் தரப்புச் சங்கத்தின் வழியாக, மூன்று பிரதிகளில் அனுப்ப வேண்டும். அதுவரை இது 'நிலுவையில்' வைக்கப்படுகிறது. கைதட்டல் ஓய ஐந்து நிமிடமாயிற்று. சுரேஷ்குமார் கூப்பிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்றார். பத்ரிதான் அதைப் பிடித்து இறக்கி அழைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எனக்கு ஒரு ஃபோன் வந்தது. பேசியவர் எதிரிச் சங்கத்தின் செயலர் இளவரசி. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் மேலாளர். பதினோரு ஆண்டுகளில் எங்கள் இரு சங்கங்களும் பேசிக்கொள்வது அதுவே முதல் முறை.

"சார், சுரேஷு மன்னிப்புக் கேட்டானாமே? நீங்க ஒண்ணும் ஏத்துக்கலையே?"

"நிலுவைல வெச்சிருக்கேன்."

"அச்சா, நல்ல வேளை. அவன் எங்க கிட்டயும் வந்து படிவம் கேக்குறான் சார். இப்படியே விட்டா நாம எங்க போறது? உடனே சந்திக்கணும்."

மயூர் விஹாரிலும் முடியாது, ஜனக்புரியிலும் முடியாது. ஆகவே நடுவில், மண்டி ஹவுஸ் மெட்ரோ நடைமேடையில், கிழக்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் செல்லும் ரயில்களுக்கு நடுவே உள்ள ஒரு பெஞ்சில் உச்சி மாநாடு நடந்தது. பதினோரு ஆண்டுகளில் நான் மெட்ரோவில் உட்கார்ந்தது அன்றுதான்.

"எங்க சங்கத்துல நாப்பத்திரண்டு பேரு சார்" என்றார் இளவரசி. "எல்லாரும் உங்க மேல கோவமா இருக்கத்தான் சேர்ந்திருக்காங்க. போன வருஷம் ஒருத்தர் வீட்டுக்காரம்மா தவறிட்டாங்க. பதிமூணாம் நாளே கூட்டத்துக்கு வந்துட்டாரு. 'இங்க வந்து உங்கள நாலு வார்த்தை திட்டினாத்தான் மனசு லேசாகுது'ன்னாரு. அவரை நான் என்ன பண்ணட்டும்?"

"எங்ககிட்டயும் அப்படி ஒன்பது பேர் இருக்காம்மா."

"உங்க ஆளு புளியோதரைய வீசுனத நாங்க இன்னும் மறக்கல சார்."

"மறக்கவே மறக்காதேம்மா. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

மூன்று ரயில்கள் போவதற்குள் கூட்டறிக்கை தயாராயிற்று. அனுமதியின்றி மன்னிப்புக் கேட்ட குற்றத்துக்காகச் சுரேஷ்குமாரை மேற்கு வாலிபர் சங்கமும், அனுமதியின்றி மன்னித்த குற்றத்துக்காகப் பத்ரியை யமுனை லெவன் சங்கமும் விலக்கிவைக்கின்றன. பாதிக்கப்பட்டவர் என்ற ஒருவரைச் சார்ந்து மனவருத்தம் இனி இயங்காது. அது தன்னாட்சி பெறுகிறது. கையெழுத்திட்டோம். மகிழ்ச்சியில் கைகுலுக்கினோம். பிறகு நினைவு வந்து இருவரும் சட்டென்று கையை விட்டோம்.

பத்ரிக்கான விலக்கல் ஆணையை அஞ்சலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நான்கு தெருவையும் நடந்து கடந்தேன்.

கதவைத் திறந்தவர் சுரேஷ்குமார். கையில் தோசைத் திருப்பி. உள்ளே மாதங்கி சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் அவர்கள் இருவரும் இங்கே வந்துவிடுவார்களாம்.

"உக்காருங்க சார். தோசை சாப்பிடுறீங்களா?"

"அரசுப் பணி… சங்கப் பணியா வந்திருக்கேன்" என்றேன்.

பத்ரி ஆணையைப் பொறுமையாகப் படித்தார். 'மன்னித்தல்' என்ற இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்ததைத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"விடு பத்ரி" என்றார் அடுக்களை வாசலிலிருந்து சுரேஷ்குமார்.

"இல்லடா, கேக்கறேன். சார், இவன் அன்னிக்கு என்னை முதுகுல தூக்கிண்டுதான் கேட் வரைக்கும் ஓடினான். உடைஞ்ச கால் தொங்கிண்டே வந்தது. அப்படித் தூக்கினதுலதான் எலும்பு ரொம்ப விலகிடுத்துன்னார் டாக்டர். ஆடாம அசையாம கொண்டுவந்திருந்தா ஆறு மாசத்துல திரும்ப விளையாடியிருக்கலாமாம். அதை நெனச்சு இவன் இன்னிக்கும் அழறான். காலை உடைச்சதுக்கு இல்ல, தூக்கினதுக்கு." பத்ரி பேனாவை மூடினார். "ஆனா மைதானத்துல ஸ்ட்ரெச்சர் இருந்தது சார். ஆட்டம் தொடங்கறச்சே நானே பாத்தேன். இவன் முதல்ல அங்கதான் ஓடினான். துணி மட்டும் கிடந்துதாம். ரெண்டு பக்கத்துக் குழாயையும் யாரோ உருவிண்டு போயிட்டா, அடிக்கறதுக்கு. யார் சார் அது?"

தோசை கருகும் வாசனை வந்தது. யாரும் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை.

"இது எதிரிகளின் சதியாக இருக்கலாம்" என்றேன். "விசாரணைக் குழு அமைக்கிறோம். நானே தலைமை ஏற்கிறேன்."

பத்ரி பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். மாதங்கி காபி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

விசாரணைக் குழு சென்ற வாரம் முதல் முறையாகக் கூடியது. காலவரையின்றி நடக்கும். முடிவு எதுவும் வந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள என்னைவிடத் தகுதியானவர் கிடையாது என்று உறுப்பினர்கள் ஒருமனதாகப் பாராட்டினார்கள். அந்தக் குழாய்களில் ஒன்று யார் கையில் இருந்தது என்பது உள்ளபடியே எனக்குத் தெரியாது. மற்றது சுலபத்தில் வரவில்லை. துணியைக் காலால் மிதித்துக்கொண்டுதான் உருவ வேண்டியிருந்தது.