தள்ளு மாமாவும் தண்ணீர் இல்லாத அருவியும்

சக்கரம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, சொந்தமாகச் சைக்கிள் வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட அதில் ஏறாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். மேட்டூர் அணை கட்டி முடித்திருந்த சமயம், சேலம் செவ்வாய்ப்பேட்டை நூல் கடையில் எங்களோடு வேலை பார்த்தார். தள்ளு மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். சேலத்தில் குடியிருந்த வீட்டிலிருந்து தினமும் கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வருவார். மணியை மட்டும் விடாமல் அடிப்பார். வெயில் அடித்தால் தலைத்துண்டை அவிழ்த்து ஸீட்டுக்குப் போர்த்துவார். மழை பெய்தால் குடை சைக்கிளுக்கு, அவர் நனைவார்.

"ஏன் மாமா, ஏறி மிதிச்சா என்ன?"

"ஆசையா வளக்கற புள்ள முதுகுல ஏறி உக்காருவமுங்களா?"

ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் சந்தேகப்பட்டுப் பிடித்துக்கொண்டார். "உன் சைக்கிள்னா ஓட்டிக் காட்டுய்யா!" மாமா யோசிக்கவே இல்லை. "அதுக்கு ஜெயிலே தேவலைங்க" என்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாமே ஸ்டேஷனுக்கு நடந்தார். முதலாளி போய்த்தான் மீட்டு வந்தார்.

அப்பேர்ப்பட்டவர், நாங்கள் மூன்று பேர் சைக்கிளில் ஒகேனக்கல் போகிறோம் என்று கேட்டதும், "நானும் வாரனுங்க" என்றார். காவிரி பாறையைப் பிளந்துகொண்டு விழுவதைச் சாவதற்குள் பார்த்துவிட வேண்டுமாம். நாங்கள் சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். அவர் புதன்கிழமையே தள்ள ஆரம்பித்துவிட்டார்.

தர்மபுரி தாண்டி அவரைப் பிடித்தோம். "முன்னால போங்க சாமி, வாரேன்" என்று மணி அடித்து வழியனுப்பினார்.

ஞாயிறு காலை, பென்னாகரத்துக்கு அப்பால் மலை இறக்கத்தில் என் பிரேக் அறுந்தது. பாறையில் மோதி முன்சக்கரம் ஜிலேபியானது. என் கணுக்கால் பூசணிக்காயானது. நண்பர்கள் தோள்கொடுத்து என்னை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். பார்த்தேன். புகை மாதிரி எழும்பும் சாரலையும், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு குமுறிக்கொண்டு ஓடுவதையும் பார்த்தேன். வலிகூட மறந்துபோயிற்று.

திரும்பும்போது மறக்கவில்லை. இரண்டு மைல் நொண்டியதும் உட்கார்ந்துவிட்டேன். என்னை ஏற்றிக்கொண்டு மேட்டில் மிதிக்க முடியாமல், மாட்டுவண்டி பிடித்து வருகிறோம் என்று நண்பர்கள் குறுக்குப் பாதையில் பென்னாகரம் போய்விட்டார்கள். யானை நடமாடும் காடு. சருகு அசைந்தாலும் உயிர் போய்ப் போய் வந்தது. அப்போதுதான் வளைவில் மணிச் சத்தம் கேட்டது.

"ஐயோ சாமி, காலுக்கு என்னாச்சுங்க?" என்று ஓடி வந்தார் மாமா. கட்டுப் போட்டுவிட்டு, ஆசையோடு கேட்டார்: "தண்ணி எப்படிங்க?"

அவர் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

"தண்ணியே இல்லை மாமா. வெறும் பாறை."

ஒரு கணம் கீழே இறங்கும் பாதையைப் பார்த்தார். "அப்படீங்களா" என்றார். பிறகு ஸீட்டிலிருந்த துண்டை உருவினார். "ஏறி உக்காருங்க."

அந்தச் சைக்கிளில் முதன்முதலாக உட்கார்ந்தவன் நான். மலை மேட்டில் எட்டு மைல் என்னைத் தள்ளினார். பென்னாகரம் கடைத்தெருவில் என் நண்பர்கள் இன்னும் வண்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடாதீர்கள் என்று அவர்களைத் தனியாகக் கெஞ்சிக்கொண்டேன். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒகேனக்கல் போக நினைத்தவர்களையெல்லாம் மாமா தடுக்க ஆரம்பித்தார். கல்யாணமான கையோடு மனைவியை அழைத்துப்போக இருந்த முதலாளி மகனையே, "வெறும் பாறையப் பாக்கவா?" என்று நிறுத்திவிட்டார். பென்னாகரத்து வியாபாரி ஒருவர், "அன்னிக்கு வெள்ளமாப் போச்சே!" என்றதற்குச் சண்டைக்கே போய்விட்டார். "எங்க தம்பி கண்ணால பாத்துட்டு வந்தாரு. அவரு பொய் சொல்றவருங்களா?"

நான் நூல் சிப்பத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

அவர் வேலையை விட்டு ஊரோடு போனபின் ஒரு நாள், சொல்லியே தீருவது என்று போனேன். மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார்.

"மாமா, அன்னிக்கு ஒகேனக்கல்ல..."

"அத நெனைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறலீங்க சாமி" என்று குறுக்கிட்டார். "நா இன்னுங் கொஞ்சம் வெரசா நடந்திருந்தா, நீங்க காட்டுல தனியா அத்தன நேரம் தவிச்சிருக்க மாட்டீங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். எழுந்து வர மனமே வரவில்லை.