ஐந்தாவது குஞ்சு

அம்பலவாணர் அந்தக் குஞ்சை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் பச்சை.

பெட்டியில் இருந்த மற்ற நான்கு குஞ்சுகளுக்கும் முளைவிட்ட இறகெல்லாம் நீலம். இதற்கு மட்டும் வயிற்றில் புல் முளைத்ததுபோல் இருந்தது.

குஞ்சுகள் அவருடையவை அல்ல. அவர் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்த அரசாங்க அலுவலகத்துத் துரையுடையவை. 1932இல் சிங்கப்பூரில் பட்ஜி என்ற இந்தக் குட்டிக்கிளிகளைப் பச்சையிலும் மஞ்சளிலும் பலர் வளர்த்தார்கள். நீலம் அபூர்வம். துரையிடம் ஒரு நீல ஜோடி இருந்தது. துரைசானிக்கு உடம்புக்கு முடியாமல் இருவரும் இரண்டு மாதம் பினாங்குக்குப் போனபோது, கூண்டையும் முட்டைப் பெட்டியையும் அதில் கிடந்த இரண்டு முட்டைகளையும் அம்பலவாணரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மேலும் மூன்று முட்டைகளைப் பெட்டை இங்கே, சிராங்கூன் சாலையை ஒட்டிய அவர் மாடி வீட்டுக்கு வந்த பிறகு இட்டது.

அலுவலகத்தில் தலைமைக் கிராணி இடம் காலியாக இருந்தது. கிளிகளை நன்றாகப் பார்த்துக்கொண்டால் அந்த இடம் உனக்கு என்று துரை சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விட்ட விதம் நம்பிக்கை தருவதாக இருந்தது.

சங்கடம் எங்கே என்றால், துரை பறவைச் சங்கத்தில் வாசிக்க ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைத் தட்டச்சு செய்தவரே அம்பலவாணர்தான். 'இரண்டு நீலத்துக்குப் பச்சை ஒருநாளும் பிறக்காது' என்ற வரிக்கு அடியில் கோடும் போட்டவர் அவர். அப்படியிருக்கப் பச்சை பிறந்திருக்கிறது என்றால் தகப்பன் வேறு. அம்பலவாணர் வீட்டிலோ பக்கத்துக் கூண்டில் அவருடைய சொந்தப் பட்ஜிச் சேவல் ஒன்று இருந்தது. நல்ல பச்சை.

மனைவி பூரணத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். முதல் வாரம் ஒருநாள் கூண்டு கழுவும்போது எல்லாவற்றையும் ஒரே கூண்டில் விட்டதை அவள் மறைக்கவில்லை.

"அரை மணித்தியாலம்தான் ஒண்டா விட்டனான்," என்றாள். "அதுக்குள்ள என்ன நடக்கும்?"

"நடந்திருக்கு," என்று அவர் குஞ்சைக் காட்டினார்.

உள்ளதை உள்ளபடி துரைக்கு எழுதிவிடுங்கள் என்பது பூரணத்தின் யோசனை. உங்கள் பெட்டை என் வீட்டில் இருந்தபோது இப்படி ஆகிவிட்டது என்று ஒரு துரைக்கு எந்த வாக்கியத்தில் ஆரம்பித்து எழுதுவது? குஞ்சை ஒளித்துவிடவும் வழியில்லை. ஐந்தும் பொரிந்துவிட்டன என்று போன வாரமே பினாங்குக்கு எழுதித் தொலைத்திருந்தார்.

மறுநாள் பச்சைக் குஞ்சைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஜாலான் புசாரில் ரவூப்பின் பறவைக் கடைக்குப் போனார். மாற்றித் தர ரவூப்பிடம் ஒரே ஒரு குஞ்சு இருந்தது. இறகு முளைக்காமல் வெள்ளைப் பஞ்சு போர்த்தியதுபோல் கிடந்தது. அதன் தாய் நீலம் என்று ரவூப் ஆணையிட்டுச் சொன்னார். அம்பலவாணர் மாற்றிக்கொண்டு வந்து பெட்டியில் வைத்தார். நீலப் பெட்டையும் முகம் சுளிக்காமல் ஊட்டியது.

எட்டு நாளில் அது மஞ்சளாக மலர்ந்தது.

பஞ்சு சாம்பலாக இருந்தால்தான் நீலமோ பச்சையோ வரும், வெள்ளைப் பஞ்சு மஞ்சளுக்கு அறிகுறி என்று துரையின் கட்டுரையிலேயே இருந்தது. அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்த அன்று அம்பலவாணருக்குப் பல்வலி. வரிகள் விரல் வழியாகப் போனதே தவிர மண்டைக்குள் ஏறவில்லை.

மஞ்சளைத் தூக்கிக்கொண்டு ரவூப்பிடம் ஓடினார்.

"தாய் நீலம்னுதானே கிராணி ஐயா சொன்னேன்," என்றார் ரவூப் வருத்தத்தோடு. "தகப்பனைப் பத்தி நீங்க கேக்கலையே."

போகட்டும், பச்சையையாவது திருப்பித் தரும்படி கேட்டார். அதைப் பூரணம் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று. ஆனால் பச்சை போயே போய்விட்டது. கையால் ஊட்டி வளர்க்கிறேன் என்று ஒரு கப்பல் சமையற்காரர் ஆசையாகக் கேட்டாராம். கப்பல் ரங்கூனுக்குப் புறப்பட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்தால் துரையின் கடிதம் காத்திருந்தது. ஐந்து குஞ்சு என்றதும் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஐந்தையும் மேடையில் வைத்துக் காட்டிக் கட்டுரையை வாசிக்கப் போகிறாராம். ஒவ்வொன்றின் நிறத்தையும் உடனே எழுது, சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றிருந்தது. அம்பலவாணர் ஒரு பகல் முழுவதும் யோசித்துவிட்டு, 'அனைத்தும் நீலம்' என்று எழுதித் தபாலில் போட்டார். போட்ட பிறகு தபால் பெட்டி முன்னால் சற்று நேரம் நின்றார். அது திருப்பித் தராது என்று தெரிந்துதான் நின்றார்.

இனி எங்காவது ஒரு நீலம் கிடைத்தே ஆக வேண்டும். விசாரித்ததில் கேலாங்கில் முகைதீன் என்பவரிடம் இருப்பதாகத் தெரிந்தது. மஞ்சளை எடுத்துக்கொண்டு டிராலி பஸ் ஏறினார். முகைதீன் பேரமே பேசாமல் மஞ்சளை வாங்கிக்கொண்டு நீலத்தை நீட்டியபோதே அம்பலவாணர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"கொஞ்சம் கோவக்காரி," என்றார் முகைதீன். "ஆனா நீலம்லா."

வீடு வந்து சேர்வதற்குள் அவருடைய கட்டைவிரலில் மூன்று காயம். கூண்டில் விட்ட முதல் நாளே அது இரண்டு குஞ்சுகளின் வாலைப் பிடுங்கிப் போட்டது. அதைவிடப் பெரிய கஷ்டம் அதன் நெற்றியில் இருந்தது. பட்ஜிக் குஞ்சுகளுக்கு மூக்கிலிருந்தே கறுப்புக் கோடுகள் ஓடும். மூன்று நான்கு மாதம் ஆன பிறகுதான் நெற்றி தெளியும். கேலாங் பறவையின் நெற்றி கழுவித் துடைத்த பீங்கான்போல் வெளுத்திருந்தது. ஆறு வாரக் குஞ்சுகளுக்கு நடுவே அது அவர்களுடைய பெரியம்மாபோல் உட்கார்ந்திருந்தது.

அம்பலவாணர் பேனா மையைத் தொட்டு நெற்றியில் கோடு போடப் பார்த்தார். நான்காவது காயத்தோடு அந்த யோசனையைக் கைவிட்டார்.

துரை வருவதாகச் சொல்லியிருந்த சனிக்கிழமை காலை, பூரணம் கூண்டுப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட குஞ்சு முட்டை போட்டிருக்கு."

அவர் வந்து பார்த்தார். கூண்டின் தரையில் வெள்ளையாக, வட்டமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் கிடந்தது. பக்கத்தில் கோவக்காரி, அதில் தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தினை கொறித்துக்கொண்டிருந்தது.

"நீர் ஒண்டும் கதையாதேயும்," என்று சொல்லி முட்டையை எடுத்து மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில்தான் கீழே வாசலில் கார் வந்து நின்றது.

துரை கூண்டின் முன் குனிந்து ஐந்தையும் எண்ணினார். நீலம், நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். ஐந்தாவதிடம் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இதன் நெற்றி எப்படி இவ்வளவு சீக்கிரம் தெளிந்தது என்று கேட்டார். அம்பலவாணர் பையைக் கையால் அழுத்திக்கொண்டு, அது கொஞ்சம் வேகமாக வளர்கிறது என்றார். அவருடைய பையில் ஏதோ நசுங்கி ஈரம் பரவியது.

துரை நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது. இப்படியொரு குஞ்சை இதுவரை யாரும் பதிவு செய்ததில்லை, கட்டுரையில் இதற்கென்றே ஒரு பக்கம் சேர்க்க வேண்டும், திங்கட்கிழமை அதை நீயே தட்டச்சு செய், அதோடு தலைமைக் கிராணிக்கான சிபாரிசுக் கடிதத்தையும் செய்துவிடு என்று சொல்லி, கையைக் குலுக்கிவிட்டுக் காருக்குப் போனார்.

அம்பலவாணர் நாற்காலியில் விழுந்தார். சட்டை நனைந்திருந்தது, விரல்கள் எரிந்தன, ஒரு பொய்யைத் தன் கையாலேயே அடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் முடிந்துவிட்டது. பூரணம் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

கூண்டை எடுத்துப்போகத் துரை வீட்டுத் தோட்டக்காரர் இராமசாமி மேலே வந்தார். கூண்டைத் தூக்கினார், உள்ளே எட்டிப் பார்த்தார், கீழே வைத்தார். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பச்சைக் குஞ்சைத் தனியா வெச்சிருக்கீங்களாங்கய்யா? தொரைசானி வளத்த இதே சாதிப் பச்சைக் குட்டிக்கிளி சாகுறதுக்கு முந்தி போட்ட ஒத்த முட்டைங்க அது. தொரைக்குத் தெரியாம இதுக பெட்டியில என்னைய வைக்கச் சொல்லிட்டு, அந்தக் குஞ்சைப் பாக்கணும்னே எந்திரிச்சு வந்து கீழ கார்ல உக்காந்திருக்காங்க."