ஸ்டெல்லா மிஸ் தேடிய கல்

மூன்றாம் வகுப்பில் காதைத் திருகிய மிஸ் எதிரே வந்தால், மீசை முளைத்தவனுக்கும் கை தானாகக் கட்டிக்கொள்ளும். எனக்குக் கூடுதலாக ஒரு வியாதி: கேள்வி முடியும் முன்பே வாய் "தெரியாது மிஸ்" என்று சொல்லிவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார் ஸ்டெல்லா மிஸ். ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் பேட்டையின் சரித்திரத்தைத் திரட்டுவதே அவர் வேலை. எந்தத் தெருவில் முதல் குழாய் வந்தது, எந்த மரத்தடியில் ஜட்கா நின்றது, எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். அன்று கையில் ஒரு படம். வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கண்டோன்மென்ட் காலத்து எல்லைக்கல். ஒரு அம்பு, கீழே ஏழு என்ற எண். சர்ச் ஹாலில் கண்காட்சி வைக்கப் போகிறாராம். கல்லுக்குப் பீடம்கூடக் கட்டியாயிற்று, கல்தான் இல்லை. ரோடு தோண்டியபோது காணாமல் போய்விட்டது.

"பாத்திருக்கியாடா?"

"தெரியாது மிஸ்."

அந்தக் கல் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருந்தது. (கல்யாணமான புதிதில் மனைவி கலா துவைக்கிற கல் கேட்டாள். தோண்டிப் போட்ட மண்மேட்டில் ஒன்று ஓசியில் கிடந்தது. ஏதோ கிறுக்கியிருந்த பக்கம் புடவையைக் கிழிக்குமே என்று அதைக் கீழ்ப்பக்கமாகப் பதித்ததும் நானேதான். அறிவாளி.)

பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். பயத்தில், நானும் கூட வந்து தேடுகிறேன் என்றேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை, முட்டிவலிக்கார மிஸ்ஸை விவேக் நகர் வரை நடக்கவிட்டுச் சாக்கடை சாக்கடையாக எட்டிப் பார்த்தேன். அதே நேரம் கலா அந்தக் கல்லின் மேல் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வாரம், பீடத்தில் பூந்தொட்டி வைத்துவிடலாம் என்று மிஸ் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. கல்லைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கலா மார்க்கெட் போன நேரம் பார்த்துக் கடப்பாரையால் கல்லை நெம்பினேன். தெருமுனையில் போட்டுவிட்டு நானே கண்டுபிடிப்பதாகத் திட்டம். கல் புரண்டது, என் கால் கட்டைவிரல் மேல். நான் போட்ட அலறலில் பதறி உள்ளே ஓடிவந்தவர், தெருவில் போய்க்கொண்டிருந்த ஸ்டெல்லா மிஸ்.

"மிஸ், கால்..."

"ஸ்வல்ப இருடா."

என் காலைத் தாண்டிப் போய்க் கல்லருகே குந்தினார். பையிலிருந்து சாக்பீஸ் எடுத்துத் தேய்த்தார். அம்பு வந்தது. ஏழு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தார். நான் முன்ஜாக்கிரதையாகக் காதைப் பொத்திக்கொண்டேன். ஆனால் வந்ததெல்லாம் கேள்விகள். எங்கே கிடந்தது, எந்தத் தெரு வழியாக உருட்டி வந்தேன், யார் கைகொடுத்தார்கள். கலா திரும்பி வந்ததும் அவளையும் விடவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தன துணிம்மா? பார் சோப்பா, பவுடரா?"

கல் இன்றும் அந்த ஹாலில் பீடத்தின் மேல் இருக்கிறது. பக்கத்தில் மிஸ் கையெழுத்தில் ஓர் அட்டை. கண்டோன்மென்ட் விவரங்களுக்குக் கீழே, அது துணி துவைத்த வருடங்களும் என் முழுப்பெயரும். கடைசி வரி: 'இக்கல்லைத் தேடுவதில் நான்கு வாரம் உதவியவரும் இவரே.'

மிஸ் கிண்டல் செய்தாரா, உள்ளதை எழுதினாரா, கேட்க எனக்குத் தைரியமில்லை. வீட்டில் சாவியோ மூக்குக்கண்ணாடியோ தொலைந்து, நான் தேட எழுந்தால் மட்டும் மகள் கையமர்த்துவாள்.

"அப்பா, நீங்க உக்காருங்க. அது கெடைக்கணும்."