மாப்பிள்ளை பார்த்த குழாய்

குழாயில் ஓட்டை எங்கே என்று திருப்பதிக்குப் பிடிபடவில்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் புகை மட்டும் பரவிக்கொண்டிருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம், கல்யாணமான கையோடு, போடியிலிருந்து ஜீப்பில் மாமனார் காசிராஜனின் தோட்டத்துக்கு வந்திருந்தான். வேலை அணு ஆராய்ச்சிக்கூடத்தில். எரிபொருளைப் பொதிந்து வைக்கும் மெல்லிய உலோகக் குழாயைப் பழுக்கச் சூடாக்கி, உள்ளே அழுத்தம் ஏற்றி, எதுவரை தாங்குகிறது, எப்போது வெடிக்கிறது என்று பார்ப்பான்.

வெளி அடுப்பின் சூட்டை அறைக்குள் கொண்டுவரும் தகரக் குழாயைக் காட்டி, "மாப்ளே, இது உங்க சோலிதானே? கொஞ்சம் பாருங்க," என்றார் மாமனார்.

வெடிக்க வைக்கத்தான் தெரியும், ஒட்டத் தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. புது மனைவி சந்திரவல்லி பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூட்டைக் கூட்டினால் ஓட்டை தெரிந்துவிடும் என்றான். அடுப்புக்கு விறகு தள்ளும் முத்துப்பேச்சி இரண்டு கட்டையைச் செருகினாள். ஊசித் துளை விரிசலாயிற்று. களிமண் அப்பினான். அது காய்ந்து, தகரத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. ஈரச் சாக்கைச் சுற்றினான். பழுத்திருந்த குழாய் முனகிச் சுருங்கி, மூட்டு விட்டுப்போயிற்று. புகைபோக்கியைச் சாத்திப் பார்க்கலாமா என்று அவன் இழுத்தபோது மாமனாரே ஓடிப்போய்ச் சாத்தினார்.

குழாய் டமாரென்று பிளந்தது. தட்டுகளில் கிடந்த காய் மேலெல்லாம் கரி கொட்டியது.

சத்தம் கேட்டு வந்தார் மாமனாரின் அண்ணன் முனியசாமி. தோட்டத்தில் எந்தச் செலவும் அவர் சொன்னால்தான். பிளந்த குழாயைக் குனிந்து பார்த்துவிட்டு, புதுக் குழாய் கொண்டுவர போடிக்கு ஜீப்பை அனுப்பச் சொன்னார்.

திருப்பதி கூசிப்போனான். சந்திரவல்லி முந்தானையால் அவன் முகத்துக் கரியைத் துடைத்துவிட்டாள். வெகுகாலம் கழித்தும் ஏலக்காய் மணத்தால் அவனுக்கு அந்த முந்தானைதான் ஞாபகம் வரும்.

ஊருக்குக் கிளம்பும்போது, அத்தனை காயும் தன்னால் வீணாயிற்றே என்று முத்துப்பேச்சியிடம் வருத்தப்பட்டான்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நல்ல காயெல்லாம் ஒலர்த்துறதுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு முந்தியே போயிருச்சு தம்பி. தட்டுல கெடந்தது கழிசல். ஒடைஞ்சாத்தான் புதுசு வாங்கலாம்னு பெரியவரு வருசக்கணக்காச் சொல்லிட்டிருந்தாரு, இந்தக் குழா ஒடையவே மாட்டேன்னுருச்சு. அதான் உங்க மாமா, ஒடைக்கிறதே சோலியா இருக்குற மாப்ளையாத் தேடிப் புடிச்சாரு."