பதினேழாவது கோடு

உலகம் டி.என்.ஏ.வை ஆராயத் தொடங்கியதே திருப்பூர் பனியனுக்கு நீதி வழங்கத்தான் என்று, நான் தலைமை வகிக்கும் கோட்டுப் பனியன் முன்னேற்ற மன்றம் 1992-ல் ஏகமனதாகத் தீர்மானித்தது.

காரணம் உண்டு. நான்கு நிறத்தில் நாற்பது கோடு போட்ட ஒரே மாதிரிப் பனியனை நான்கு கம்பெனிகள் தைத்தன. "இந்த டிசைனை முதலில் போட்டவருக்கே லட்சம் பீஸ் ஆர்டர்" என்று ஜெர்மனிக்காரர் ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார்.

"அது என்ற டிசைனுங்க. இந்த ஆர்டர் இல்லீன்னா மிஷினை விக்கோணுமுங்க" என்று அழுதார் நெருப்பெரிச்சல் கிராமத்தில் ஆறு மிஷின் வைத்திருந்த மருதம்மாள். மற்ற மூன்று கம்பெனி முதலாளிகளான குமாரவேல், கன்னையன், நான் ஆகியோர் அவரவருடையது என்று கண்ணியமாகக் கத்தினோம்.

கோவையில் நெல் ரகங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு வம்ச மரம் வரையும் ஆராய்ச்சி மாணவி தெய்வாத்தாள் வரவழைக்கப்பட்டார்.

"டி.என்.ஏ.வுல நாலே எழுத்துங்க. உங்க பனியன்ல நாலு கலருங்க. வேலை ஒண்ணுதான்" என்று கோடுகளை வரிசையாக எழுதினார். மருதம்மாள் பனியனில் பதினேழாவது கோடு நீலம். எங்கள் மூவருக்கும் பச்சை. இன்னும் மூன்று இடங்களில் இதே ஒற்றுமை.

"ஏனுங்க, மூணு பேரும் தனித்தனியாத் தப்புப் பண்ணக் கூடாதுங்களா?" என்று கன்னையன் சுயமரியாதையுடன் கேட்டார்.

"பண்ணலாமுங்க. ஆனா எந்த மரத்துல மாத்தம் கம்மியோ அதைத்தான் எடுப்போம். சிக்கன முறைன்னு பேருங்க."

சிக்கனம் என்றதும் மன்றம் எழுந்து நின்று கை தட்டியது.

மரத்துக்கு அடி எது? எல்லாவற்றுக்கும் முந்தையது என்று நால்வரும் ஒப்புக்கொண்ட ஒரு பழைய பனியனை 'வெளியாள்' சாட்சியாக வைத்தார் தெய்வாத்தாள். அதிலும் பதினேழாவது கோடு நீலம்; ஆக, மருதம்மாளுடையதே மூலம், எங்கள் பச்சை பின்னால் வந்த தப்பு. பிறகு கோடுகளைக் குலுக்கிப் பொறுக்கிக் கம்ப்யூட்டரில் நூறு முறை மரம் வரைந்தார். தொண்ணூற்றெட்டு முறை நாங்கள் மூவரும் ஒரே கிளையில் தொங்கினோம். என் பனியனில் மட்டும் ஒன்பது தப்பு. பரிணாமத்தில் மிகவும் முன்னேறியது என் கம்பெனியே என்பதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

மன்றம் அறிவியலுக்குத் தலைவணங்கி, மருதம்மாளை 'மூதாதை' என அறிவித்தது. மூதாதையை வேலை வாங்குவது தமிழ்ப் பண்பாடு ஆகாதே! "மூதாதை ஓய்வு பெற்றார்" என்று ஜெர்மனிக்கு ஃபேக்ஸ் அடித்து, ஆர்டரை 'வாரிசுகள்' மூவரும் பகிர்ந்துகொண்டோம்.

"ஆராய்ச்சி அப்படிச் சொல்லலீங்களே!" என்று பதறினார் தெய்வாத்தாள்.

"ஆராய்ச்சி உன்ற வேலை கண்ணு. தீர்மானம் எங்க வேலை" என்றேன்.

பாராட்டு விழா மேடையில் மருதம்மாளுக்கு நானே, என் கம்பெனியின் அதே கோட்டுத் துணியில் தைத்த சால்வையைப் போர்த்தினேன். அவர் கும்பிடவில்லை. சால்வையின் ஓரத்தைப் பிடித்துக் கோடுகளை விரலால் எண்ணினார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"ஏனுங்க தலைவரே, இதுலயும் பதினேழாவது கோடு பச்சைங்க."