புல்வெளிக் காதலுக்குப் பொன்னாடை

காதலை வளர்ப்பதில் உலகத்திலேயே முதலிடம் ரங்கூன் என்கிற யாங்கோனுக்குத்தான். யாங்கோனில் முதலிடம் பபேடான் பேட்டைக்குத்தான். பபேடானில் முதலிடம், துணிக்கடை மாடியில் இயங்கும் எங்கள் 'தமிழ் இளைஞர் இலக்கிய மேம்பாட்டுக் கழக'த்துக்குத்தான். இதை நான் சொல்லவில்லை, கழகத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கையை எழுதியவன் நான்தான் என்பது வேறு விஷயம். செயலாளர் என்று ஒருவனை வைத்துக்கொண்டால் அவன் எழுதத்தானே செய்வான்.

கழகத்தில் இளைஞர்கள் கிடையாது. அவர்களைச் சேர்த்தால் பர்மிய மொழியில் பேசிச் சபை ஒழுங்கைக் கெடுத்துவிடுகிறார்கள். ஆகவே இளைஞர்களை மேம்படுத்தும் பாரத்தை முடி நரைத்த நாங்களே சுமக்கிறோம். தலைவர் ஜனாப் அப்துல் அஜீஸ், கீழே இருக்கும் துணிக்கடைக்கு முதலாளி. துணைத்தலைவர் செல்லக்கண்ணு, தின்கன்ஜூனில் சைக்கிள் சாமான் கடை வைத்திருப்பவர். இருவருடைய தாயாரும் பர்மியப் பெண்கள். அந்தக் கலப்புத் திருமணங்களைப் பற்றிக் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. நாகரிகம் தெரிந்தவர்கள் நாங்கள்.

இந்த ஆண்டு தலைவர் கோலாலம்பூர் போய்த் திரும்பும்போது விமான நிலையத்துப் புத்தகக்கடையில் ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்தார்.

"எந்தப் புஸ்தகத்த எடுத்தாலும் அமெரிக்காப் புல்வெளி, குதிர, ஒரு வெள்ளக்காரப் பையன், ஒரு பழங்குடிப் பொண்ணு. நூத்தம்பது வருசத்துக்கு முந்துன காதல். 'யங் அடல்ட்'ங்கிறான். நம்ம புள்ளைங்களுக்கு இதத்தான் குடுக்கணும் சிவநாதன்."

"வாங்கிட்டு வந்தீங்களா பாய்?"

"எதுக்கு வாங்கணும்? பின்னட்டையப் படிச்சிட்டேன்."

இப்படியாக நான் நாடகாசிரியன் ஆனேன். குடியேறியவரின் மகன் வில்லியம், பழங்குடித் தலைவரின் மகள் மழைத்துளி. இருவரும் காதலிக்கிறார்கள், இரண்டு அப்பன்மாரும் எதிர்க்கிறார்கள், கடைசிக் காட்சியில் மனம் திருந்திக் கையைப் பிடித்துக் கொடுக்கிறார்கள். நான் அமெரிக்கா போனதில்லை. ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் புல் பார்த்திருக்கிறேன்.

நடிகர் தேர்வு நடந்தது. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் தமிழ் வசனத்தைப் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். ஆளுக்கொரு விதமாக அதைக் கடித்துத் துப்பினார்கள். தடுமாறாமல் பேசியவர்கள் இரண்டே பேர். தலைவரின் மகள் ருக்சார், துணைத்தலைவரின் மகன் கார்த்திகேசன். இருவருக்கும் படிப்பு முடிந்து வேலையும் ஆகிவிட்டது.

இவ்வளவு நல்ல தமிழ் எப்படி வந்தது என்பது ஆராய்ச்சிக்குரியது. ருக்சார் வீட்டில் பேச்சு முழுக்கப் பர்மிய மொழி. அவள் அம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் புரியாது. அதனால் வாப்பா கடையில் இருக்கும் பகல் வேளைகளில் ருக்சார் கூடத்திலேயே உட்கார்ந்து, போனில், தூய தமிழில், கார்த்திகேசனைக் காதலித்திருக்கிறாள். எங்கள் கழகம் இத்தனை வருஷம் வகுப்பு நடத்திச் சாதிக்காத மொழித்தொண்டு அது.

நடிகர் தேர்வுக்கு முந்தின மாதம்தான் இருவரும் அவரவர் அப்பாவிடம் நேரில் சொல்லியிருந்தார்கள். ஒரு தீர்மானத்திலும் ஒத்துப்போகாத தலைவரும் துணைத்தலைவரும் இதில் ஒரே நிமிஷத்தில் ஒத்துப்போனார்கள். கூடாது. நாடகம் முடிந்த மறுவாரம் ருக்சாருக்குப் பினாங்கு மாப்பிள்ளையோடு நிச்சயம் என்று முடிவாயிற்று.

"அதுங்க ரெண்டையும் ஜோடியாப் போட்டாச் சரியா வருமா பாய்?" என்றார் செல்லக்கண்ணு.

"வெளிய விட்டாத்தான் அதுங்க இஷ்டத்துக்குப் பேசும். மேடையில நாம எழுதிக் குடுத்ததத்தானே பேசியாகணும்?"

தொலைநோக்கு என்றால் இதுதான். மேற்பார்வைக்காக இருவரும் அப்பன் வேஷங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

சிக்கல் கல்யாணக் காட்சியில் வந்தது. அந்தப் பழங்குடியின் கல்யாண முறை யாருக்குத் தெரியும்? தாலி கட்டலாம் என்றார் செல்லக்கண்ணு. நிக்காஹ்தான் என்றார் தலைவர். அமெரிக்கப் பழங்குடி எந்த மதம் என்பதில் இரண்டு பெரியவர்களும் மேஜையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது ருக்சார் மெதுவாகச் சொன்னாள்.

"ஊலே, நம்ம ஊரு வெள்ளிக் கிண்ணக் கல்யாணம் வச்சிருவோமே. அது எல்லாருக்கும் பொதுதானே?" பர்மிய வழக்கப்படி சித்தப்பா முறையில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

இருவர் கையையும் சேர்த்து வெள்ளைத் துணியால் சுற்றி, வெள்ளிக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து, சங்கு ஊதி, வந்தவர்களுக்கெல்லாம் லபெத் என்கிற ஊறவைத்த தேயிலை கொடுப்பது. யாங்கோனில் பாதிப்பேர் குடும்பம் நடத்துவது அந்தத் தண்ணீரை நம்பித்தான்.

"சடங்கு நடத்தி வைக்கிற சயாவா யாரு நடிக்கிறது?" என்றான் கார்த்திகேசன். "நிஜ சயாவையே கூப்பிட்டாத் தத்ரூபமா இருக்கும்ல?"

கலைக்காக நான் எதையும் செய்வேன். எங்கள் பேட்டைக் கல்யாணங்களை எல்லாம் நடத்தி வைக்கும் ஊ சான் லுவின் அவர்களையே ஏற்பாடு செய்தேன்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. தலைவர் கடையில் தூசி தட்டும் இறகுகளைத் தலையில் செருகிக்கொண்டு வந்தார். துணைத்தலைவர் கடைச் சைக்கிள் ஒன்று போர்வை போர்த்திக்கொண்டு வில்லியத்தின் குதிரையாக நடித்தது. கடைசிக் காட்சியில் தலைவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. என் வசனத்தோடு தன் சொந்தச் சரக்கையும் சேர்த்து அவிழ்த்துவிட்டார்.

"இனம் என்ன, மதம் என்ன? புள்ளைங்க மனச ஒடைக்கிறவன் மனுசனே இல்ல. எம் மகளே, நான் கண்ணு தெரியாம இருந்துட்டேன்."

செல்லக்கண்ணு விம்மினார். பெண்கள் பக்கம் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. நானும் அழுதேன், வெட்கம் என்ன.

ஊ சான் லுவின் கையில் கிண்ணத்தோடு, வழக்கப்படி, மணமக்கள் பெயரைக் கேட்டார். அவர்கள் சொன்னார்கள். வில்லியம், மழைத்துளி என்று சொல்லவில்லை. பெற்றவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். "சம்மதம், சம்மதம்" என்று உணர்ச்சி மிகுதியில் இருவரும் இரண்டு தடவை சொன்னார்கள். சங்கு முழங்கியது. சபை முழுக்க லபெத் போயிற்று.

பிள்ளைகள் இருவரும் அப்பாக்களின் காலடியில் மண்டியிட்டுக் கும்பிட்டார்கள். இது என் பிரதியில் இல்லை. "நல்லா நடிக்குதுங்க" என்று தலைவர் என் காதில் சொன்னார். அவர்கள் வேஷத்தைக்கூடக் கலைக்காமல் பின்வாசல் வழியாகப் போய்ப் படகேறி, டாலாவில் கார்த்திகேசன் பார்த்துவைத்திருந்த அறையில் குடித்தனம் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் இரண்டு வீட்டுக்கும் அக்கம்பக்கத்தார் பிளாஸ்க்கும் போர்வையுமாகக் கல்யாணப் பரிசு கொண்டுவந்து குவித்தார்கள்.

அவசரக் கூட்டம் கூடியது. கல்யாணத்தை ரத்து செய்யும்படி சயாவுக்கு உத்தரவிட்டோம். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பர்மிய மொழியில் நிதானமாகச் சொன்னார்.

"பேர் கேட்டேன், சொன்னாங்க. சம்மதமான்னு கேட்டேன், ஒரு தடவ போதும், நீங்க ரெண்டு தடவ சொன்னீங்க. ஊரே லபெத் சாப்பிட்டாச்சு. இனிமே எந்த வயித்துலேருந்து நான் அதத் திருப்பி வாங்குறது?"

அவரை அனுப்பிவிட்டு நாங்களே முடிவெடுத்தோம். மேற்படி திருமணம் அமெரிக்காவில், புல்வெளியில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது. எனவே வில்லியம், மழைத்துளி திருமணம் செல்லும். ருக்சார், கார்த்திகேசன் திருமணம் செல்லாது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இரண்டு வீட்டிலும் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தப்பட்டது.

ருக்சார் தினமும் போன் செய்தாள். தலைவர் எடுக்கவில்லை. ஒருநாள் போனை என் கையில் திணித்துவிட்டார்.

"ஊலே, வாப்பாவ ஒரு தடவ பாத்தாப் போதும். திட்டுனாலும் பரவாயில்ல. பேசச் சொல்லுங்க."

"என்னவாம்?" என்றார் தலைவர்.

"உங்களப் பாக்கணுமாம்."

"நாடகம் முடிஞ்சிருச்சுன்னு சொல்லு."

சொன்னேன்.

நாடகத்தின் புகழோ ஓயவில்லை. கலாசாரங்களைக் கடந்த அந்த மாபெரும் காதலைக் கௌரவிக்காவிட்டால் வரலாறு மன்னிக்காது என்று கழகம் கருதியது. போன ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா நடந்தது. மேடையில் இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் 'வில்லியம்', மற்றதில் 'மழைத்துளி' என்று எழுதி ஒட்டினோம். துணைத்தலைவர் இரண்டு நாற்காலிக்கும் பொன்னாடை போர்த்தினார். சபை எழுந்து நின்று கைதட்டியது.

வெளியே நல்ல மழை. டாலாவிலிருந்து நனைந்துகொண்டே வந்த இருவர் வாசலில் நின்றார்கள். அழைப்பிதழ் இல்லாததால் உள்ளே விட விதி இடம் தரவில்லை.

தலைவர் பேச எழுந்தார். 'மழைத்துளி' நாற்காலியைத் தடவிக் கொடுத்தார்.

"எவ்வளவு தைரியமான பொண்ணு. எவ்வளவு சுத்தமான காதல். இப்படி ஒரு மக எனக்குப் பொறக்கலையே." கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார்.

"வாப்பா, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றாள் ருக்சார், வாசலிலிருந்து.

தலைவர் கைக்குட்டையை எடுக்காமலே என் பக்கம் சைகை காட்டினார். செயலாளர் என்ற முறையில் நானே எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். காதலைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது.